டேபிளில் தேடினால் ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது, அழிக்கப் போனால் வேறு வரி அழிகிறது

ஏட்டுச்சுவடி எழுதியது:

வணக்கம். நூலகப் பட்டியலுக்காக ஒரு டெஸ்க்டாப் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். பைத்தான் மொழி, திரைக்கு பைசைட் 6 (க்யூட்டி என்ற திரைத் தொகுப்பின் பைத்தான் வடிவம்), கீழே தரவைச் சேமிக்க எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். புத்தகங்களுக்கு ஒரே ஒரு பெரிய டேபிள், இப்போது ஏறக்குறைய 41,000 வரிகள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பொருள், இரவல் நிலை என்று நெடுவரிசைகள். திரையில் ஒரு டேபிள் வியூ, அதற்கு மேலே ஒரு தேடல் பெட்டி, அவ்வளவுதான். பெட்டியில் தட்டத் தட்ட டேபிள் சுருங்க வேண்டும்.

இணையத்தில் பார்த்தபடி க்யூ எஸ்க்யூஎல் டேபிள் மாடல் (டேட்டாபேஸ் வரிகளைப் படித்துத் திரைக்குத் தருவது) ஒன்றை வைத்து, அதன்மேல் சார்ட் ஃபில்டர் ப்ராக்ஸி மாடலை (நடுவில் நின்று வடிகட்டித் தருவது) போட்டு, வியூவுக்கு ப்ராக்ஸியைக் கொடுத்தேன். பெட்டியில் எழுத்து மாறும்போதெல்லாம் ப்ராக்ஸியின் ஃபில்டர் மாறும். ஐம்பது புத்தகங்களை வைத்துச் சோதித்தபோது கச்சிதமாக ஓடியது. முழு தரவையும் ஏற்றியதும்தான் வேடிக்கை ஆரம்பித்தது.

முதல் சிக்கல்: "படகு" என்று தேடினால் 3 வரிகள். பெட்டியைக் காலி செய்து, டேபிளைக் கொஞ்சம் கீழே உருட்டிவிட்டு மறுபடி "படகு" என்று தேடினால் 7. இன்னும் நிறைய உருட்டினால் 11. அதே வார்த்தை, அதே தரவு, நடுவில் யாரும் எதையும் சேர்க்கவில்லை. நேராக டேட்டாபேஸில் குவெரி போட்டுப் பார்த்தால் 19 இருக்கிறது.

இரண்டாவது சிக்கல், இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "படகு" என்று தேடி வந்த பட்டியலில் மூன்றாவது வரி ஒரு இரட்டைப் பதிவு. அதைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். வரி போகவில்லை. சரி, சொடுக்கு சரியாக விழவில்லை போல என்று மறுபடி அழுத்தினேன், மறுபடியும் போகவில்லை, மூன்றாவது தடவையும் அழுத்தினேன். அப்புறம் தேடல் பெட்டியைக் காலி செய்தபோதுதான் தெரிந்தது, முழுப் பட்டியலின் ஆரம்பத்தில் இருந்த மூன்று புத்தகங்கள் காணோம். படகுக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முந்தின நாள் எடுத்த பேக்கப் இருந்ததால் பிழைத்தேன்.

அழிக்கும் இடத்தில் நான் செய்வது இதுதான்: வியூவிடம் இப்போது எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்று கேட்கிறேன், அந்த எண்ணை மாடலின் வரி அழிக்கும் ரிமூவ் ரோவுக்குக் கொடுக்கிறேன், பிறகு தரவைப் புதிதாக ஏற்ற மாடலை மறுபடி செலக்ட் செய்கிறேன். இதில் என்ன தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் ஒரே காரணமா, வேறு வேறா?

---

பூச்சிபிடிப்பான் பதில்:

வேறு வேறு. இரண்டுமே எல்லாரும் ஒரு தடவையாவது விழுந்து எழும் குழிகள்தான், கவலைப்படாதீர்கள்.

அழிவதை முதலில் பார்ப்போம், அதுதான் அவசரம். உங்களிடம் இப்போது இரண்டு மாடல்கள் இருக்கின்றன, ஒன்றின்மேல் ஒன்றாக. வியூவுக்குத் தெரிவது மேலே இருக்கும் ப்ராக்ஸி மட்டும். ஃபில்டர் போட்டபின் அதில் 7 வரிகள்தான், அவற்றின் எண்கள் 0 முதல் 6 வரை. நீங்கள் தேர்ந்தெடுத்தது அதில் 2. அந்த 2-ஐக் கொண்டுபோய் கீழே இருக்கும் மாடலிடம் கொடுத்துவிட்டீர்கள், அதுவும் சொன்னபடி கேட்டு தன்னுடைய மூன்றாவது வரியை அழித்தது. உடனே செலக்ட் செய்தீர்கள், நான்காவதாக இருந்தது மூன்றாம் இடத்துக்கு வந்தது. மறுபடி அழுத்தினீர்கள், அதுவும் போயிற்று. மூன்றாவது தடவைக்கு ஐந்தாவது. தொலைந்த மூன்றும் அடுத்தடுத்த வரிகளாக இருந்திருக்குமே?

ப்ராக்ஸி கொடுக்கும் இன்டெக்ஸை மேப் டு சோர்ஸ் வழியாக அனுப்பி, அது திருப்பித் தரும் இன்டெக்ஸின் வரி எண்ணைத்தான் கீழ் மாடலுக்குக் கொடுக்க வேண்டும். ஜாவா ஸ்விங்கில் ஜேடேபிளுக்கு ரோ சார்ட்டர் போட்டாலும் இதே கதைதான், அங்கே கன்வர்ட் ரோ இன்டெக்ஸ் டு மாடல் என்று ஒன்று இருக்கிறது. வரிசைப்படுத்துவதோ வடிகட்டுவதோ எந்தத் திரையில் இருந்தாலும் "திரையில் எத்தனையாவது" என்பதும் "தரவில் எத்தனையாவது" என்பதும் வேறு வேறு எண்கள் ஆகிவிடும்.

நானாக இருந்தால் வரி எண்ணையே நம்ப மாட்டேன். தேர்ந்தெடுத்த வரியிலிருந்து புத்தகத்தின் முதன்மைச் சாவியை (ஒவ்வொரு வரிக்கும் உள்ள தனி அடையாளம்) எடுத்து, "இந்தச் சாவி உள்ளதை அழி" என்று நேராக டேட்டாபேஸிடம் சொல்வேன். அழிக்கும் முன் கேட்கும் பெட்டியில் "இந்த வரியை அழிக்கலாமா" என்று கேட்காமல் தலைப்பையே காட்டிக் கேளுங்கள். அப்படிச் செய்திருந்தால் முதல் சொடுக்கிலேயே சம்பந்தமில்லாத தலைப்பு கண்ணில் பட்டிருக்கும்.

இன்னொன்று, மாற்றங்களை எப்போது டேட்டாபேஸில் எழுதுவது என்று சொல்லும் டேபிள் மாடலின் எடிட் ஸ்ட்ராட்டஜியை நீங்கள் மாற்றியிருக்க மாட்டீர்கள். மாற்றாவிட்டால் ரிமூவ் ரோ கூப்பிட்ட கணமே டேட்டாபேஸில் அழிந்துவிடும், திரும்பப் பெற வழியில்லை. மேனுவல் சப்மிட் என்று வைத்தால் நீங்கள் சொல்லும்வரை காத்திருக்கும்.

முதல் சிக்கலுக்கு வேறு யாராவது சொல்வார்கள், எனக்கு இப்போது வேலை இருக்கிறது.

---

மழைக்காகம் பதில்:

முதல் சிக்கலுக்கு நான்.

உங்கள் எண்களை மறுபடி பாருங்கள்: உருட்ட உருட்ட விடை கூடுகிறது. அதாவது உருட்டும்போது எதுவோ ஏறுகிறது. எஸ்க்யூலைட்டிடம் ஒரு குவெரி போட்டால் மொத்தம் எத்தனை வரி வரும் என்று அது முன்கூட்டிச் சொல்லாது. அதனால் க்யூட்டியின் எஸ்க்யூஎல் மாடல்கள் 41,000 வரிகளையும் ஒரேயடியாக இழுக்காமல், முதலில் 256 வரிகளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் கடைசிவரை உருட்டினால் வியூ "இன்னும் இருக்கிறதா" என்று கேட்கும், மாடல் அடுத்த கட்டை எடுத்துத் தரும். சும்மா பார்ப்பதற்கு இது நல்ல ஏற்பாடு, திரை உடனே திறக்கும்.

ஆனால் ப்ராக்ஸி மாடல் வடிகட்டுவது அதுவரை ஏறியிருக்கும் வரிகளை மட்டும்தான். மீதி நாற்பதாயிரத்துச் சொச்சம் அதன் கண்ணில் இல்லை. கொஞ்சம் உருட்டிவிட்டுத் தேடினால் இன்னும் சில கட்டுகள் ஏறியிருக்கும், விடை கூடும். மாடலின் ரோ கவுன்ட்டை அச்சிட்டுப் பாருங்கள், திறந்தவுடன் 256 என்று சொல்லும்.

ஐம்பது வரியில் ஏன் பிடிபடவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது.

உடனடி மருந்து: செலக்ட் செய்தபின், இன்னும் வரி இருக்கிறதா என்று சொல்லும் கேன் ஃபெட்ச் மோர் "இல்லை" என்று சொல்லும்வரை, அடுத்த கட்டை எடுக்கும் ஃபெட்ச் மோரைச் சுழற்சியில் கூப்பிடுங்கள். 41,000 வரிக்கு சுமார் 160 சுற்று. திறக்கும்போது சற்றுத் தாமதமாகும், ஆனால் விடை சரியாக வரும். அப்புறம் ப்ராக்ஸியின் ஃபில்டர் கீ காலம் இயல்பாக 0, அதாவது முதல் நெடுவரிசையில் மட்டும் தேடும். எல்லாவற்றிலும் தேட வேண்டுமென்றால் -1 என்று வையுங்கள். உங்களுக்கு வந்த 3, 7, 11 எல்லாம் தலைப்பில் மட்டும் கிடைத்தவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரந்தர மருந்து வேறு. டேட்டாபேஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருக்கும் எல்லாவற்றையும் மேலே தூக்கிவந்து, தேடும் வேலையை நாமே செய்வது என்னத்துக்கு? ப்ராக்ஸியைத் தூக்கிவிட்டு, பெட்டியில் எழுதியதை, எந்த வரிகள் வேண்டும் என்று குவெரியில் சொல்லும் நிபந்தனையாகக் கீழே அனுப்புங்கள். வருவது 19 வரி என்றால் 19 மட்டும்தான் மேலே வரும், 256 பிரச்சினையே எழாது. திரையில் தெரியும் வரியும் மாடலின் வரியும் ஒன்றே என்பதால் தப்பான வரி அழியும் பிரச்சினையும் சேர்ந்தே போகும்.

---

நேர்கோடு பதில்:

மழைக்காகம் சொன்ன 256 விளக்கம் சரி. ஆனால் நிரந்தர மருந்தில் எனக்கு உடன்பாடில்லை.

41,000 வரி என்பது ஒன்றுமே இல்லை. முழுவதையும் பைத்தான் பட்டியலாக நினைவகத்தில் வைத்து, அதன்மேல் சொந்தமாக ஒரு டேபிள் மாடல் எழுதி, அதிலேயே தேடினால் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குவெரி போடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். அதுவும் "நடுவில் எங்கே இருந்தாலும் கண்டுபிடி" என்று எஸ்க்யூஎல்லின் லைக் ஒப்பீட்டில் சொல்லுக்கு முன்னும் பின்னும் சதவீதக் குறி (எது வந்தாலும் சரி என்று அர்த்தம்) போட்டால் டேட்டாபேஸில் இன்டெக்ஸ் இருந்தும் பயனில்லை, முழு டேபிளையும் ஒவ்வொரு தடவையும் படித்தாக வேண்டும்.

---

மழைக்காகம் பதில்:

முழு டேபிளையும் படிக்கட்டுமே. நீங்களே சொல்கிறீர்கள் 41,000 ஒன்றுமில்லை என்று, எஸ்க்யூலைட்டுக்கும் அது ஒன்றுமில்லைதான். மெதுவாவது பெரும்பாலும் டேட்டாபேஸ் அல்ல, இந்த வரியைக் காட்டலாமா என்று முடிவு செய்யும் ப்ராக்ஸியின் ஃபில்டர் அக்செப்ட்ஸ் ரோவை பைத்தானில் திருத்தி எழுதிவிட்டு, வரிக்கு ஆறு நெடுவரிசை வீதம் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரம் தடவை சி ப்ளஸ் ப்ளஸுக்கும் பைத்தானுக்கும் நடுவே போய்வருவதுதான்.

ஒவ்வொரு எழுத்துக்கும் குவெரி என்பதும் தேவையில்லை. ஒரு டைமரை சிங்கிள் ஷாட்டாக (ஒரு தடவை மட்டும் அடிக்கும்படி) வைத்து 250 அல்லது 300 மில்லிசெகண்டு கொடுங்கள், எழுத்து மாறும்போதெல்லாம் அதை மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆள் தட்டுவதை நிறுத்தியபின்தான் குவெரி போகும்.

---

நேர்கோடு பதில்:

சரி, டைமர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், எங்கே தேடினாலும் அது வேண்டும். ஆனால் டேபிள் மாடலின் செட் ஃபில்டரில் பயனர் எழுதியதை அப்படியே ஒட்டி அனுப்பச் சொல்லாதீர்கள், அதில் பைண்ட் செய்ய, அதாவது மதிப்பைக் குவெரியோடு ஒட்டாமல் தனியாகக் கொடுக்க வழியில்லை. யாராவது ஒற்றை மேற்கோள் குறி உள்ள தலைப்பைத் தேடினால் குவெரி அப்படியே உடையும். குவெரி மாடலை எடுத்து, ப்ரிப்பேர் செய்த குவெரியில் மதிப்பை பைண்ட் செய்வதுதான் முறை. பைண்ட் செய்தாலும் சதவீதக் குறிக்கும் அடிக்கோட்டுக்கும் லைக்கில் தனி அர்த்தம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். தலைப்பில் "100%" இருக்கிறது என்று ஒருவர் தேடினால் 100 என்று எங்கே வந்தாலும் காட்டும். எஸ்கேப் எழுத்து ஒன்றை அறிவித்து அவற்றுக்கு முன்னால் போட வேண்டும்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரோ கவுன்ட் அச்சிட்டேன், 256 என்றுதான் வந்தது, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தொலைந்த மூன்றும் அடுத்தடுத்த வரிகள்தான், பூச்சிபிடிப்பான் சொன்னது அப்படியே. ப்ராக்ஸியைத் தூக்கிவிட்டேன். குவெரி மாடல், பைண்ட், 300 மில்லிசெகண்டு டைமர், அழிப்பது முதன்மைச் சாவியை வைத்து. "படகு" இப்போது 19, எப்போது தேடினாலும் 19.

ஆனால் இன்னொரு தலைவலி. "கொடி" என்று தேடினால் தலைப்பில் கண்ணெதிரே "கொடி" இருக்கும் சில புத்தகங்கள் வரவில்லை. திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். இந்தப் பதிவுகள் பழைய பட்டியல் ஒன்றிலிருந்து ஏற்றியவை. இது 256 இல்லை என்பது மட்டும் தெரியும்.

அதோடு "கடல்" என்று தேடினால் "கடலோர" என்று தொடங்கும் தலைப்புகள் வருவதில்லை. நடுவில் எங்கே இருந்தாலும் கண்டுபிடிக்கும் லைக்தானே போட்டிருக்கிறேன்?

---

புள்ளிக்காரன் பதில்:

ஆகா, இதற்காகத்தான் இவ்வளவு நேரம் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

வராத புத்தகம் ஒன்றின் தலைப்பை எடுத்து, பைத்தானில் "கொ" என்ற பகுதிக்கு மட்டும் நீளம் கேளுங்கள். உங்கள் பெட்டியில் தட்டியதற்கு 2 என்று வரும். பழைய பட்டியலிலிருந்து வந்ததற்கு 3 என்று வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஒவ்வொரு குறியின் எண்ணையும் அச்சிட்டால் இன்னும் தெளிவு: ஒன்றில் 2965, 3018. அதாவது க, அப்புறம் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே ஒகரக் குறி. மற்றொன்றில் 2965, 3014, 3006. க, அப்புறம் தனிக் கொம்பு, அப்புறம் தனிக் கால். எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி வரைந்துவிடும். எஸ்க்யூலைட்டோ பைட்டுகளை ஒப்பிடும், அதற்கு இரண்டும் வெவ்வேறு சரங்கள். கொ மட்டுமல்ல, ஒகரமும் ஓகாரமும் வரும் உயிர்மெய் எல்லாவற்றிலும் இந்தச் சங்கடம் உண்டு.

யூனிகோடு இந்த இரண்டையும் சமம் என்றே வரையறுத்திருக்கிறது, அதனால் மருந்து எளிது: பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுப்பில் நார்மலைஸ் இருக்கிறது, பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவம் கேட்டால் இரண்டும் 3018 ஆகிவிடும். சேமிக்கும்போதும் செய்ய வேண்டும், தேடும் சொல்லுக்கும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் ஒரு பயனும் இல்லை.

என்எஃப்சியால் தீராதவை சில உண்டு. ஔகாரக் குறிக்கு எண் 3020. பலர் அதற்குப் பதிலாகக் கொம்பு போட்டு பக்கத்தில் ள எழுத்தையே தட்டிவிடுவார்கள், 3014, 2995. பார்க்க ஏறத்தாழ ஒன்று, யூனிகோடுக்கு இரண்டும் வேறு. இதைச் சரிசெய்யக் கிளம்பி "கொம்புக்குப் பின் ள வந்தால் ஔகாரமாக்கு" என்று நான் ஒரு தடவை எழுதினேன். அன்று மாலையே "வெள்ளம்" தேடினால் வரவில்லை என்று புகார் வந்தது, ஏனென்றால் "வெள்ளம்" என்ற சொல்லே வ, கொம்பு, ள என்றுதான் தொடங்குகிறது. திசையை மாற்ற வேண்டும்: ஔகாரக் குறியை உடைத்து கொம்பு, ள என்று ஆக்குங்கள். அப்போது இரண்டும் ஒரே வடிவத்தில் வந்து நிற்கும், வெள்ளத்துக்கும் பாதகமில்லை. அதேபோல ஔ என்ற உயிரெழுத்தை ஒ, ள என்று உடைக்கலாம். ஸ்ரீ என்பதையும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள், ஸ வைத்து ஒன்று, 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ஶ வைத்து ஒன்று. ஶ எல்லாவற்றையும் ஸ ஆக்கிவிட்டால் முடிந்தது.

இந்தக் கூத்தையெல்லாம் தலைப்பு நெடுவரிசையிலேயே செய்யக் கூடாது. தலைப்பு வந்தபடியே இருக்கட்டும். டேபிளில் "தேடல் சாவி" என்று இன்னொரு நெடுவரிசை வையுங்கள், யாருக்கும் காட்டாதீர்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பொருள் எல்லாவற்றையும் ஒட்டி, என்எஃப்சி செய்து, மேற்சொன்ன மாற்றங்களைச் செய்து, ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தாக்கி அதில் போடுங்கள். எஸ்க்யூலைட்டின் லைக் ஆங்கில நெடுங்கணக்குக்கு மட்டும்தான் பெரியது சிறியது பார்க்காது, உச்சரிப்புக் குறி போட்ட எழுத்துகளுக்குப் பார்க்கும். அதையும் சாவி செய்யும் இடத்திலேயே தீர்த்துவிடலாம். முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை பைத்தானின் ஸ்ட்ரிப் நீக்கிவிடும், 160 என்ற உடையாத வெற்றிடத்தைக்கூட. ஆனால் 8203, 8204 என்ற கண்ணுக்குத் தெரியாத சுழி அகலக் குறிகளை அது தொடாது, அவற்றை நீங்களே பெயர் சொல்லித்தான் வெளியேற்ற வேண்டும். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய தலைப்புகளில் இவை ஒளிந்திருக்கும்.

அடுத்தது உங்கள் "கடல்". இது பிழையே இல்லை, தமிழ் அப்படி. "கடல்" என்பது க, ட, ல, புள்ளி. "கடலோர" என்பது க, ட, ல, ஓகாரக் குறி, ர. புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் வேறு குறி இருக்கிறது, அதனால் லைக் கைவிரிக்கிறது. "கடலில்", "கடலின்", "கடலும்" எதுவுமே வராது. ஆங்கிலத்தில் சொல்லின் பின்னால் ஒட்டு வந்தாலும் சொல் கலையாமல் இருக்கும், நமக்குக் கடைசி மெய் அடுத்த உயிரோடு சேர்ந்து உருமாறிவிடும்.

நான் செய்வது ஒரு வரி: தேடும் சொல்லின் கடைசிக் குறி புள்ளியாக இருந்தால், அதாவது 3021, அதை வெட்டிவிடுவது. "கடல்" என்று ஆள் எழுதுவார், நான் "கடல" என்று தேடுவேன். கடல், கடலில், கடலோரம் எல்லாம் வரும். "பறவைகள்" என்று தேடினால் "பறவைகளின்" வரும். இன்னொரு லாபமும் உண்டு. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுபவர்களுக்குப் பாதிச் சொல்லில் எப்போதும் ஒரு புள்ளி வந்து வந்து போகும், க் ஆகி அப்புறம் கி ஆகும். தட்டத் தட்டத் தேடும் பெட்டியில் அந்தப் பாதிக் கணத்தில் பட்டியல் காலியாகி மறுபடி நிறையும். புள்ளியை வெட்டினால் அந்தச் சிமிட்டலும் குறையும்.

"மரம்" தேடினால் "மரத்தடி" வர வேண்டும் என்று கடைசி ம்-ஐயும் வெட்டலாமா என்று கேட்காதீர்கள். செய்து பார்த்தேன், "மர" என்று தேடினால் மரபும் மரணமும் வரிசையில் வந்து நிற்கின்றன.

---

பூச்சிபிடிப்பான் பதில்:

புள்ளிக்காரரே, இவ்வளவும் கையால் செய்வதற்கு எஃப்டிஎஸ்5 போட்டால் போகாதா? எஸ்க்யூலைட்டிலேயே முழு உரைத் தேடல் இருக்கிறதே.

---

புள்ளிக்காரன் பதில்:

போகும், ஆனால் அப்படியே போட்டால் அடி விழும். அதன் இயல்பான டோக்கனைசர் (உரையைச் சொற்களாக வெட்டும் பகுதி) எழுத்து, எண் வகைகளை மட்டும்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம்முடைய உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. அதனால் அவற்றை வெற்றிடம்போல நினைத்து அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடும். பல், பலி, பலா மூன்றும் அதற்கு "பல" என்ற ஒரே சொல். நீங்கள் பல் என்று தேடினால் பலாவும் வரும். கேட்டகரீஸ் என்ற விருப்பத்தில் குறி வகைகளையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் இது சரியாகிவிடும்.

2020 கடைசியில் வந்த 3.34 முதல் ட்ரைகிராம் டோக்கனைசரும் இருக்கிறது, மூன்று மூன்று குறிகளாக வெட்டி வைத்துக்கொள்ளும், நடுவில் இருப்பதையும் கண்டுபிடிக்கும். "கடல" சரியாக மூன்று குறி என்பதால் பிழைக்கும், "கை" இரண்டே குறி என்பதால் மேட்ச் குவெரியில் எதுவுமே வராது. லட்சக்கணக்கான வரிகள் இருந்தால் அந்தத் தொல்லையைச் சகித்துக்கொள்ளலாம். 41,000-க்கு சாவி நெடுவரிசையும் லைக்கும் போதும். இதில் மழைக்காகம் பக்கம்தான் நான்.

---

நேர்கோடு பதில்:

சாவி நெடுவரிசை என்று வந்தபின் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஒட்டும்போது நடுவில் வரிமுறிப்பு மாதிரி யாரும் தட்டாத ஒன்றைப் போடுங்கள், இல்லாவிட்டால் தலைப்பின் வாலும் ஆசிரியரின் தலையும் சேர்ந்து ஒரு புதுச் சொல் பிறக்கும். இரண்டு சொல் தட்டினால் வெற்றிடத்தில் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி லைக் போட்டு, எல்லாமே இருக்க வேண்டும் என்ற அண்ட் நிபந்தனையால் இணையுங்கள். "கடல் பறவை" என்று தேடுபவர் அந்த வரிசையில் அப்படியே ஒரு தலைப்பு இருக்கும் என்று நினைத்துத் தேடுவதில்லை.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

நீளம் கேட்டேன். 3. பந்தயத்தில் தோற்றேன்.

சாவி நெடுவரிசையை நிரப்பி முடித்தேன். "கொடி" வருகிறது, "கடல்" தேடினால் கடலோரமும் வருகிறது, "வெள்ளம்" பத்திரமாக இருக்கிறது. மேலே "41,000-இல் 19" என்கிற மாதிரி ஒரு எண்ணிக்கையும் காட்டுகிறேன்.

கடைசியாக ஒன்று. தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் இரவல் நிலைக்கு ஒரு கீழிறங்கு பட்டியல் வைத்திருக்கிறேன். "இரவல் போகாதவை" என்று தேர்ந்தெடுத்தால், நிலை "போனது" என்பதற்குச் சமமில்லாதவற்றைக் கேட்கிறேன். வருவது மிகக் குறைவாக இருக்கிறது. ஒருபோதும் வெளியே போகாத புத்தகங்கள்தான் அதிகம், அவை எதுவுமே வரவில்லை.

---

மழைக்காகம் பதில்:

ஒருபோதும் போகாதவற்றுக்கு அந்த இடம் நல் ஆக, அதாவது எந்த மதிப்பும் போடாமல் இருக்கும். நல்லை எதோடு ஒப்பிட்டாலும் விடை உண்மையும் இல்லை பொய்யும் இல்லை, அதனால் "சமம்" என்று கேட்டாலும் வராது "சமமில்லை" என்று கேட்டாலும் வராது. எஸ்க்யூலைட்டில் சமமில்லை குறிக்குப் பதிலாக இஸ் நாட் என்று எழுதினால் நல்லையும் ஒரு மதிப்பாக எடுத்துக்கொண்டு ஒப்பிடும். அந்த ஒரு இடத்தை மாற்றிப் பாருங்கள்.

இன்னொரு வேண்டுகோள், நிரலாளனாக அல்ல, இந்த மாதிரித் திரைகளைப் பயன்படுத்தி நொந்தவனாக. திரையை மூடித் திறக்கும்போது அந்தக் கீழிறங்கு பட்டியலின் தேர்வை ஞாபகம் வைத்துக்கொள்ளாதீர்கள். வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஃபில்டர் போட்டிருப்பது கண்ணில் அடிக்கிற மாதிரி, ஒரே சொடுக்கில் எடுக்கிற மாதிரி வையுங்கள். முன்பு ஒரு இடத்தில் இப்படி ஞாபகம் வைத்திருந்த ஃபில்டரால் பதிவுகள் தொலைந்துவிட்டன என்று நம்பி, அரை நாள் உட்கார்ந்து அத்தனையையும் மறுபடி உள்ளிட்டோம். உள்ளிட்டது எதுவும் பட்டியலில் வரவில்லை என்றபோதுதான் ஒருவர் மேலே மூலையில் பார்த்தார்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

இஸ் நாட் போட்டதும் எல்லாம் வந்துவிட்டன. கீழிறங்கு பட்டியலின் தேர்வை ஞாபகம் வைக்கும் இரண்டு வரி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன், இப்போதுதான் அழித்தேன். சரியான வரிகளைத்தான் அழித்தேன், பார்த்துவிட்டேன்.